சங்கக் கோப்புகளை யந்திரம் தரம் பிரிக்கலாமா?

குந்தாரப்பள்ளிக் கூட்டு ரோட்டிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு கடன் சங்கத்தைப் பார்வையிட நாம் சென்றிருந்த நாளில், அலுவலகத் திண்ணையில் ஓர் அம்மையார் காலை முதற்கொண்டு காத்திருந்தார். அவருடைய கணவர் தறி நெய்தவர். சிறிது மானாவாரி நிலமும் உண்டு. இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சங்கத்தின் அங்கத்தினர். அவர் காலமாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவர் பெயரில் இருந்த பங்குத் தொகையும் சிறு வைப்புத் தொகையும் மனைவிக்குச் சேர வேண்டியவை. அங்கத்தினர் தம் காலத்தில் எழுதிக் கொடுத்திருந்த நியமனப் படிவத்தை எடுத்துப் பார்த்தால் ஒரே நாளில் முடியக்கூடிய காரியம். படிவத்தைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றியாயிற்று என்று சங்கத்தார் சொன்னார்கள். கணினியில் தேடினால் கிடைக்கவில்லை என்றும் அவர்களே சொன்னார்கள். வாரிசுச் சான்றிதழ் வாங்கி வரும்படி அம்மையாரைத் தாலுகா அலுவலகத்துக்கு அனுப்பும் நிலையில் இருந்தார்கள்.

காரணத்தை விசாரித்தோம். சங்கத்தில் உள்ள நான்கு கணினிகளுக்கும் பொதுவாக, சர்வர் என்று வழங்கும் மையக் கணினி ஒன்று பின்னறையில் வைக்கப்பட்டிருந்தது. கோப்புகள் யாவும் அதிலேதான். இடம் குறைந்து வருகிறது என்று சங்கத்தார் முறையிட்டபோது, அதை அமைத்துக் கொடுத்தவர் ஒரு தானியங்கி ஏற்பாட்டைச் செய்துவிட்டுப் போயிருந்தார். மூன்றாண்டாக எவரும் தொடாத கோப்பு எதுவாயினும், ‘காலாவதி’ என்ற குறி பெற்று வேறோர் உறைக்கு நள்ளிரவில் தானாகவே போய்விடும். அந்த உறை இருந்த பழைய வட்டு பின்னர் பழுதாயிற்று; அதற்கு மாற்றுப் பிரதியும் எடுத்து வைக்கப்படவில்லை. குறியிடுவதற்குப் பதினைந்து நாள் முன்பாக யந்திரம் எச்சரிக்கை மடல் அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது போய்ச் சேர்ந்த முகவரி அமைத்துக் கொடுத்தவருடையது. அவர் அந்த வேலையை விட்டு வெகுநாள் ஆகிவிட்டது.

இதைக் கேட்டவுடன், பழைய பேரேடும் சிவப்புத் துணி மூட்டையுமே மேல் என்று சொல்லும் அன்பர்கள் பலர் இருப்பார்கள். நாம் அக்கட்சியைச் சேர்ந்தவரல்லோம். பதிவறையில் கரையானும் எலியும் சேர்ந்து செய்த தரம் பிரித்தலை நாம் நேரில் கண்டிருக்கிறோம். யந்திரம் வேண்டியதே. ஆனால் எந்தத் தாள் எத்தனை காலம் வாழ வேண்டும், யார் அதைப் பார்க்கலாம் என்பதைத் தீர்மானிப்பது நிர்வாகக் குழுவின் வேலை. அந்தத் தீர்மானத்தைச் செய்யாமலே, அதைச் செயற்படுத்தும் வேலையை மட்டும் யந்திரத்திடம் ஒப்படைத்ததுதான் இங்கே நேர்ந்த பிழை என்பது நம் அபிப்பிராயம்.

இந்த வகைப்பாடு நமக்குப் புதிதன்று. முந்தைய சென்னை மாகாணத்து வருவாய் அலுவலகங்களில், ஐ.சி.எஸ். அதிகாரி ஒருவர் பெயரால் டாட்டன்ஹாம் முறை என்று வழங்கிய அலுவலக நடைமுறையை மூத்த எழுத்தர்கள் அறிவார்கள். ஒரு கோப்பில் இறுதி உத்தரவு ஆனவுடன், அதன் தலையில் ஒரு முடிவுக் குறி விழுந்தாக வேண்டும். எல்.டிஸ். என்றால் ஓராண்டு; கே.டிஸ். என்றால் மூன்றாண்டு, டி.டிஸ். என்றால் பத்தாண்டு, ஆர்.டிஸ். என்றால் என்றென்றும். ஆட்சிமொழி தமிழான பின்பு இவையே ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று எழுதப்பட்டன. இன்றும் அரசுக் கடிதங்களின் தலைப்பில் எண்ணுக்கு முன்னால் இந்த இரண்டெழுத்தைக் காணலாம். இக்குறியை இட்டவர் கோப்பைப் படித்து முடித்தவர் என்பதைக் கவனிக்க வேண்டும். பதிவறைக்காரர் ஆண்டு முடிந்ததும் குறியைப் பார்த்துக் கழித்தார். அவர் கோப்பைப் படிக்க வேண்டியதில்லை. தீர்மானிப்பவர் ஒருவர், கழிப்பவர் மற்றொருவர் என்பதே அம்முறையின் உயிர்.

இப்போது யந்திரம் எப்படிச் செய்கிறது என்று பார்ப்போம். மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 பதிப்பில், அதாவது 2009இல், கோப்பு வகைப்பாட்டு ஏற்பாடு ஒன்றைச் சேர்த்தது. முதலில் குறிகளை நாமே வகுத்துக்கொள்ள வேண்டும். பிறகு விதிகள் எழுத வேண்டும். இன்ன உறையில் இருக்கும் கோப்புக்கு இன்ன குறி என்பது ஒருவகை விதி. கோப்பினுள் இன்ன சொல், அல்லது இன்ன வடிவில் எண் காணப்பட்டால் இன்ன குறி என்பது மற்றொரு வகை. குறித்த நேரத்தில் யந்திரம் கோப்புகளையெல்லாம் சுற்றி வந்து குறியிடும், அறிக்கையும் தரும். அதன் பின், குறியைக் கண்டு கோப்பை நகர்த்துவது போன்ற பணிகளைத் தனியே ஏவலாம். ஆக, குறியிடுதல் வேறு, கழித்தல் வேறு என்ற பழைய பிரிவினை இங்கேயும் அப்படியே இருக்கிறது. நாம் சொன்ன சங்கத்தில் முதற் படியைத் தாண்டி இரண்டாம் படிக்கே போய்விட்டார்கள். குறியும் இல்லை, விதியும் இல்லை. தேதி ஒன்றே சாட்சி.

அந்தத் தேதியின் யோக்கியதை என்ன? குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆட்டின் பல்லைப் பிடித்துப் பாராமல் விலை பேசுவோர் இலர். கயிறு பழையதா புதியதா என்று எவரும் பார்ப்பதில்லை. கணினி காட்டும் தேதி பெரும்பாலும் கயிற்றைப் போன்றது. 2004இல் எழுதிய கடன் பத்திரமும் 2019இல் வாங்கிய தேநீர்ச் சீட்டும் ஒரே நாளில் படமெடுக்கப்பட்டால், இரண்டுக்கும் ஒரே தேதிதான். கோப்பைத் திறந்து படித்த தேதி பதிவாகும் என்று நம்புவதற்கும் இல்லை; வேகம் கருதி அப்பதிவு பல கணினிகளில் தொடக்கத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக, எவரும் தொடாத தாள் பயனற்ற தாள் என்ற எண்ணமே நம் சங்கங்களுக்குப் பொருந்தாது. நியமனப் படிவத்தை அங்கத்தினர் ஒருமுறை எழுதிக் கொடுக்கிறார். அவர் உயிரோடு இருக்கும்வரை அதை யாரும் தொடுவதில்லை. அவர் போன மறுநாள்தான் அதற்கு வேலை வருகிறது. பங்குப் பதிவேடு, பொதுப்பேரவைத் தீர்மானங்கள், நில அடமானப் பத்திரங்கள் யாவும் இந்த ஜாதியே. மாறாக, நாள்தோறும் தொடப்படுபவை உர இருப்புப் பட்டியலும் வருகைப் பதிவும். தொடுதலை அளவுகோலாக வைத்தால், காக்க வேண்டியது கழியும். கழிய வேண்டியது நிற்கும்.

அப்படியானால் கோப்பினுள் இருக்கும் சொல்லைக் கொண்டு பிரிக்கலாமே என்று கேட்கலாம். ஆங்கிலத்தில் வேலை செய்யும் கம்பெனிகளுக்கு அது நன்றாகவே பயன்படுகிறது. நமக்கு அதில் ஒரு வில்லங்கம் உண்டு. அமைத்துக் கொடுக்க வருவோர் பலர் அதைச் சொல்வதில்லை, சிலர் அறிவதும் இல்லை. நம் அலுவலகங்களில் பல ஆண்டுகளாகத் தமிழ் தட்டச்சான விதம் ஒன்றல்ல. ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு ஏற்பாட்டை வைத்திருந்தது. திரையில் ‘கடன்’ என்று தெரிவது, பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பானால், யந்திரத்தின் வயிற்றில் எஃப், எல், டி என்ற மூன்று ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கிடக்கும். வேறோர் எழுத்துருவில் வேறு ஏதேனும் குறிகள். தமிழ்நாடு அரசு 1999இல் டாம், டாப் என்ற ஏற்பாடுகளையும், பின்னர் 2010இல் யூனிகோடையும் டேஸ்-16 என்பதையும் தரமாக ஏற்றது. ஆணை வந்ததால் பழைய கோப்புகள் தாமாகத் திருந்திவிடவில்லை. ‘கடன் பத்திரம்’ என்ற சொல்லைத் தேடிக் குறியிடு என்று யூனிகோடில் விதி எழுதினால், யந்திரம் பணிவோடு தேடும். 2010க்கு முந்திய கோப்புகளில் பெரும்பாலானவற்றில் அப்படி ஒரு சொல் இல்லை என்று அறிக்கை தரும். அவ்வறிக்கையை நம்பினால் அத்தனை பத்திரங்களும் குறியற்ற அநாதைகள் ஆகும். படமெடுத்த தாள்களிலோ, தனியாக எழுத்தறியும் ஏற்பாடு செய்தாலன்றி, யந்திரத்துக்கு எழுத்தே கண்ணில் படாது. கையெழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த எல்லைப்புறத்தில் இன்னொரு சங்கடமும் சேர்கிறது. ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து அங்கத்தினர் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுவோர். மாநில எல்லைக்கு அப்பால் உறவும் நிலமும் உள்ளவர்கள் கன்னடத்தில் எழுதிய பத்திரத்தைக் கொண்டுவந்து கொடுப்பதுண்டு. ஒரே மனிதர் ஒரு ஏட்டில் முனியப்பன், மற்றொன்றில் முனியப்பா, ஆதாரில் வேறு எழுத்துக் கூட்டல். சொல்லைத் தேடும் விதி இவரை மூவராக்கும்.

ஆகவே நம் சங்கங்களுக்கு ஏற்றது உறையைக் கொண்டு பிரிக்கும் விதியே. எழுத்தர் தாளைப் படமெடுத்தவுடன் ‘நியமனம்’, ‘பங்கு’, ‘பயிர்க்கடன்’, ‘சில்லறைச் செலவு’ என்று அதற்குரிய உறையில் இடட்டும். உறைக்கு ஏற்ற காலக் குறியை யந்திரம் தவறாமல் ஒட்டும். சோம்பல், மறதி, மாற்றல் உத்தரவு எதுவும் அதற்கு இல்லை. படித்துப் பிரிப்பவர் மனிதர்; அதை மறவாமல் நடத்துவது யந்திரம். இது புதுமையாகத் தோன்றாவிட்டால், அது புதுமையன்று என்பதே காரணம்.

சொல்லையும் எண்ணையும் தேடும் விதிக்கு ஓரிடத்தில் மட்டும் பயன் உண்டு. அது மறைத்துக் காக்க வேண்டிய கோப்புகளைக் கண்டுபிடிப்பது. 2021இல் ஐந்து சவரன் வரையிலான நகைக் கடன் தள்ளுபடியின்போது, சங்கங்கள் ஒவ்வொரு கடனுக்கும் ஆதார் எண், குடும்ப அட்டை விவரங்களைச் சேர்த்துப் பட்டியலிட்டு அனுப்பின. அவசரத்தில் தயாரித்த அப்பட்டியல்களின் பிரதிகள் எந்தெந்த உறையில், எந்தெந்தப் பெயரில் கிடக்கின்றன என்பதை இன்று சொல்லத்தக்க செயலாளர் அரியர். எந்தக் குடும்பம் எத்தனை கிராம் நகையை எப்போது அடகு வைத்தது என்பது ஊரறியக் கிடக்க வேண்டிய செய்தியன்று. 2023இல் நாடாளுமன்றம் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவ்விஷயத்தில் ஸ்தாபனங்களுக்குப் பொறுப்பையும் சுமத்தியிருக்கிறது. பன்னிரண்டு இலக்க எண் உள்ள கோப்புகளையெல்லாம் ‘அந்தரங்கம்’ என்று குறியிடச் செய்தால், ஓரிரவில் யந்திரம் இவற்றைப் பொறுக்கித் தந்துவிடும். எண்கள் ஆங்கில இலக்கத்திலேயே இருப்பதால் எழுத்துருத் தொல்லையும் இங்கே குறைவு. ஆனால் 91 என்ற முன்னெண்ணோடு எழுதிய கைப்பேசி எண்ணும் பன்னிரண்டு இலக்கமே. எனவே தவறாகச் சில கோப்புகளும் சேர்ந்து வரும். காக்கும் விஷயத்தில் அப்படிப்பட்ட தவறு நம்மைக் கெடுக்காது. மனிதர் பார்த்து நீக்கிக்கொள்ளலாம். 2012ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், குறியைப் பார்த்து இன்னார்தாம் திறக்கலாம் என்று தடுக்கும் வசதியும் உண்டு. அதற்குக் கணினிகளையெல்லாம் ஒரே ஆளுகையின் கீழ் இணைக்கும் ஏற்பாடு முன்னதாக வேண்டும்.

காலக் குறியைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. கடன் முடிந்துவிட்டது, ஆகவே கோப்பும் முடிந்துவிட்டது என்று கருதுவோர் உண்டு. 2021 பிப்ரவரியில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் பயிர்க் கடன் தள்ளுபடி என்று அரசு அறிவித்தது. அப்போது ஏட்டில் தீர்ந்த கடன்களின் பத்திரங்கள் உண்மையில் தீர்ந்தனவா? தள்ளுபடி முறையாக நடந்ததா என்ற கேள்வி எழுந்தால், கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 81ஆம் பிரிவில் விசாரணை வரும். இழப்பு கண்டால் 87ஆம் பிரிவில் தண்டத்தீர்வை நடவடிக்கை வரும். அப்போது அங்கத்தினரையும் ஊழியரையும் காப்பது அந்தத் தாள்தான். 2015 சனவரியில் இதே குந்தாரப்பள்ளியில் ஒரு வங்கிக் கிளையில் அடகு நகைகள் பெருமளவில் களவு போனதை இப்பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். நகை போனபின் வாடிக்கையாளர் கையில் மிஞ்சுவது, இன்ன நகை, இன்ன எடை என்று எழுதிய காகிதம் ஒன்றே.

2022இல் மத்திய அரசு 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களை 2,516 கோடி ரூபாயில் கணினிமயமாக்கும் திட்டத்தை ஏற்றது. இனி எல்லாம் மேலிடத்துக் கணினியே பார்த்துக்கொள்ளும் என்று சிலர் நம்மிடம் சொன்னார்கள். வரவு செலவுக் கணக்கு பொது மென்பொருளில் ஏறுகிறது, உண்மை. கணக்கு வேறு, அக்கணக்குக்குச் சாட்சியான தாள் வேறு. நெசவாளர் சங்கங்களோ அத்திட்டத்துக்கு உட்பட்டவையும் அல்ல.

எனவே, மையக் கணினி வைத்திருக்கும் சங்கத்தார், அமைத்துக் கொடுப்பவரை அழைப்பதற்கு முன் நிர்வாகக் குழுவைக் கூட்டட்டும். எந்த வகைத் தாளுக்கு என்ன காலம் என்று, நமது இலாகா விதிகளுக்கு இணங்க, ஒரு தீர்மானமாக எழுதட்டும். இரண்டு பக்கத்துக்கு மேல் போகாது. குறிகளை வரிசைப்படி அமைக்கும்போது ‘நிரந்தரம்’ என்பதைத் தலையில் வைக்க வேண்டும். ஏனெனில் இரண்டு விதிகள் ஒரே கோப்புக்கு வெவ்வேறு குறி சொன்னால், வரிசையில் மேலே உள்ளதையே யந்திரம் ஏற்கும். எழுத்தர் தம் கையால் இட்ட குறியை யந்திரம் மறுபடி அழித்தெழுதும் வசதியும் அதில் இருக்கிறது. அதைத் திறக்கவே கூடாது. முதல் ஓராண்டு யந்திரம் குறியிட்டு அறிக்கை தருவதோடு நிற்கட்டும். எதையும் நகர்த்தவோ அழிக்கவோ வேண்டாம். மாதந்தோறும் அந்த அறிக்கை குழுவின் முன் வைக்கப்படட்டும். எச்சரிக்கை மடல் தனி ஆளுக்குப் போகாமல், சங்கத்தின் பெயரால் உள்ள முகவரிக்கே போகட்டும். விரல் வட்டில் கோப்பைப் பிரதி எடுத்துக்கொண்டு போகும் பழக்கம் உள்ளவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: குறி பெரும்பாலும் கோப்போடு ஒட்டியிராமல் வட்டின் அமைப்பில் மறைவாக எழுதப்படுகிறது. சாதாரண விரல் வட்டுகள் பலவற்றில் அந்த அமைப்பு இல்லை. கோப்பு வரும், குறி வராது.

இவ்வளவும் சிறு சங்கத்துக்குச் சுமையல்லவா என்று ஒரு செயலாளர் நம்மைக் கேட்டார். இருக்கும் இரண்டு ஊழியர்களில் ஒருவர் ரேஷன் கடையைப் பார்க்கிறார், மற்றவர் நகை எடை போடுகிறார், யார் உட்கார்ந்து உறை பிரிப்பது என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். நம்மிடம் முழுமையான விடை இல்லை. பழைய கோப்புகள் முழுவதையும் ஒரே மூச்சில் பிரிக்க வேண்டாம், இன்று வருகிற தாளிலிருந்து தொடங்குங்கள், பழையவற்றில் நியமனப் படிவங்களை மட்டும் முதலில் தேடி எடுங்கள் என்றோம். அவர் தலையசைத்தார், சம்மதமா, சலிப்பா என்று தெரியவில்லை.

அந்த அம்மையாரின் காரியம் அன்று மாலைக்குள் முடிந்தது. பணி ஓய்வு பெற்றுவிட்ட பழைய எழுத்தர் ஒருவரை ஆள் அனுப்பி வரவழைத்தார்கள். அவர் பீரோவின் மேல்தட்டில் இருந்த துணி மூட்டைகளில் மூன்றாவதை இறக்கச் சொன்னார். வருவாய் அலுவலகத்துப் பழக்கத்தை எங்கோ கற்றுக்கொண்டவர் போலும். மூட்டையின் அட்டையில் சிவப்பு மையில் நி.மு. என்று எழுதியிருந்தது. படிவம் அதற்குள் இருந்தது. பின்னறைக் கணினியின் நள்ளிரவு விதியை நாங்கள் அப்போதே நிறுத்தி வைத்தோம். எந்தத் தாளுக்கு எத்தனை ஆண்டு என்ற பொருள், அச்சங்கத்தின் அடுத்த குழுக் கூட்ட நிகழ்ச்சி நிரலில் நான்காவதாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது.